கடையில் ரொக்கமே வாங்க வேண்டாமா? மகன் சொல்வதும் கணவர் சொல்வதும்

கேள்வி: மன்னார்குடி அருகே மளிகைக்கடை நடத்துகிறோம். நாளுக்குப் பத்தாயிரம், பன்னிரண்டாயிரம் வியாபாரம் ஆகும். பாதிக்கு மேல் இப்போது ஜீபே, போன்பேயில்தான் வருகிறது. எல்லாம் என் சேமிப்புக் கணக்கில் விழுகிறது. கல்லூரி முடித்து வந்திருக்கும் மகன், "இனி ரொக்கமே வேண்டாம், ஸ்கேன் மட்டும் போதும். சில்லறைத் தொல்லையும் கல்லா எண்ணுற வேலையும் மிச்சம்" என்கிறான். கணவரோ, "எல்லாம் பேங்க் வழியா வந்தா வரி நோட்டீஸ் வரும், ஸ்டிக்கரையே கிழிச்சுடு" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் முழுதாகக் கேட்காதீர்கள். ஸ்டிக்கர் இருக்கட்டும், கல்லாவும் இருக்கட்டும். ஆனால் பணம் விழுகிற கணக்கை மட்டும் உடனே மாற்றுங்கள். ஏன் என்று சொல்கிறேன். முதலில் உங்கள் கணவரின் பயத்தைப் பேசிவிடுவோம். அந்தப் பயத்தில் கடைக்காரர்கள் அவசரப்பட்டுச் செய்கிற காரியங்கள்தான் பின்னால் தலைவலியாக வந்து நிற்கின்றன.

அவர் பயம் ஆதாரமில்லாதது இல்லை. 2025 ஜூலையில் பெங்களூருவில் பேக்கரி, டீக்கடை, காய்கறிக்கடைக்காரர்கள் பலருக்குக் கர்நாடக வணிகவரித் துறையிடமிருந்து நோட்டீஸ் போனது. யுபிஐ (ஜீபே, போன்பே எல்லாம் ஓடுகிற பணப் பரிமாற்ற முறை) வழியாக ஆண்டுக்கு இவ்வளவு பணம் வாங்கியிருக்கிறீர்கள், ஜிஎஸ்டி பதிவு ஏன் இல்லை என்று கேள்வி. ஊரெங்கும் கடைக்காரர்கள் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு 'யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். கடையடைப்பு வரை பேச்சு போனது. கடைசியில் முதலமைச்சர் சித்தராமையா தலையிட்டு, பழைய பாக்கியை வசூலிக்க மாட்டோம், ஆனால் வரம்பைத் தாண்டியவர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று அறிவித்த பிறகுதான் அடங்கியது.

அந்த நோட்டீஸ்களில் இருந்த பெரிய கோளாறு, கணக்கில் விழுந்த எல்லாப் பணத்தையும் விற்பனை என்று எடுத்துக்கொண்டதுதான். மைத்துனர் திருப்பித் தந்த கைமாற்று, மகள் அனுப்பிய பணம், வரியே இல்லாத காய்கறி விற்ற காசு, எல்லாம் ஒரே கூட்டலில் வந்துவிட்டன. இல்லை, இது வேறு அது வேறு என்று பிரித்துக் காட்ட அவர்களிடம் தனிக் கணக்கும் இல்லை, பில்லும் இல்லை. நீங்களும் இப்போது அதே நிலையில்தான் இருக்கிறீர்கள். கடைப் பணம் உங்கள் சேமிப்புக் கணக்கில் விழுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா, உங்கள் கடிதத்தில் என்னை யோசிக்க வைத்த வரி அதுதான்.

இன்னொன்றும் கவனியுங்கள். தமிழ்நாட்டில் பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய். நாளுக்குச் சராசரி 11,000 ரூபாய் என்றால், 365 நாளும் கடை திறந்தால், 40 லட்சத்து 15 ஆயிரம். நீங்கள் சரியாக அந்தக் கோட்டின் மேல் நிற்கிறீர்கள். அரிசி, பருப்பைச் சில்லறையாக எடை போட்டுக் கொடுத்தால் வரி இல்லையே என்று கேட்பீர்கள். வரி இல்லைதான். ஆனால் சோப்பு, பிஸ்கட், ஷாம்பு என்று வரி உள்ள பொருளும் அதே கடையில் விற்கும்போது, வரம்பைக் கணக்கிட இரண்டையும் சேர்த்துத்தான் கூட்ட வேண்டும். பலரும் தவறவிடுகிற இடம் இது.

ரொக்கத்தில் வாங்கினால் இந்தக் கணக்கு வராதா? வரும். சட்டம் விற்றுமுதலைத்தான் பார்க்கிறது, பணம் எந்த வழியில் வந்தது என்பதை அல்ல. ஸ்டிக்கரைக் கிழித்தால் வரம்பு உயர்ந்துவிடாது. கண்ணில் படாமல் இருக்கலாம், அவ்வளவுதான். அதையும் நம்ப முடியாது. சேமிப்புக் கணக்கில் ஓராண்டில் 10 லட்சம் ரூபாய் ரொக்கம் கட்டினாலே வங்கி அதை வருமான வரித் துறைக்குத் தெரிவித்துவிடும். சரி, பதிவு செய்தால் என்ன ஆகிவிடும்? ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள சிறு வியாபாரிக்குக் 'காம்போசிஷன்' என்று ஒரு வழி இருக்கிறது. வரி உள்ள பொருளின் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும். அதை வாடிக்கையாளரிடம் தனியாக வசூலிக்க முடியாது, கொள்முதலில் கட்டிய வரியையும் கழித்துக்கொள்ள முடியாது. இருந்தாலும் உங்கள் அளவுக் கடைக்கு இது தாங்கக்கூடியதுதான். ஓர் ஆடிட்டரிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

வருமான வரியைப் பொறுத்தவரை டிஜிட்டல் உங்களுக்குச் சாதகம்தான். விரிவான கணக்குப் புத்தகம் இல்லாத சிறு வியாபாரிக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதமும், வங்கி வழி வந்ததில் 6 சதவீதமும் லாபம் என்று வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 40 லட்சத்துக்கு அது முறையே 3,20,000, 2,40,000 ரூபாய். புதிய வரித் திட்டத்தில் 12 லட்சம் வரை வரி இல்லை என்பதால், கடை வருமானம் மட்டும் என்றால் இரண்டில் எதைக் காட்டினாலும் கையிலிருந்து எதுவும் போகாது. கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள், பாதிப் பயம் போய்விடும்.

இப்போது உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ரொக்கம் ஒன்றும் செலவில்லாத பொருள் இல்லை. எண்ண வேண்டும், கிழிந்த நோட்டு வரும், கள்ள நோட்டு வரும், கல்லாவிலிருந்து காணாமல் போகும். 47 ரூபாய்ச் சாமானுக்கு 500 ரூபாய்த் தாளை நீட்டுகிற ஆளைக் காலை ஏழு மணிக்குச் சமாளிக்க வேண்டும். பத்து ரூபாய் நாணயம் செல்லும், வாங்குங்கள் என்று ரிசர்வ் வங்கி எத்தனை முறை சொன்னாலும் நம் ஊர்க் கடைகளில் பாதிப் பேர் அதைத் தொட மாட்டார்கள். (அதை ஏன் மறுக்கிறார்கள் என்று கேட்டால் யாரும் காரணம் சொல்வதில்லை, 'வேற கடையில வாங்க மாட்டேங்கிறாங்க' என்பதைத் தவிர.) ஸ்கேன் செய்தால் சரியாக 47 ரூபாய் வந்து விழுகிறது. மிட்டாய் கொடுத்துச் சமாளிக்க வேண்டியதில்லை. கணக்கில் வரவு ஒழுங்காகத் தெரிந்தால் நாளைக்கு வங்கியில் கடை விரிவாக்கக் கடன் கேட்கவும் அதுவே சாட்சி. யுபிஐ வாங்குவதற்குக் கடைக்காரரிடம் கட்டணம் பிடிப்பதும் 2020 ஜனவரியிலிருந்து இல்லை. பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் ஸ்பீக்கர் பெட்டிக்கு மாத வாடகை மட்டும் இருக்கும்.

அப்புறம் ஏன் ரொக்கத்தை விட வேண்டாம் என்கிறேன்? 2016-இல் தொடங்கிய யுபிஐ, 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. இத்தனை வளர்ந்த பிறகும் நாட்டில் புழங்கும் ரொக்கம் குறையவில்லை. 2016 நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது சுமார் 18 லட்சம் கோடி ரூபாய் புழக்கத்தில் இருந்தது. இப்போது அதைப் போல் இரு மடங்கு. மக்கள் இரண்டையும் வைத்துக்கொள்கிறார்கள். ஸ்கேன் செய்பவரே பீரோவில் கொஞ்சம் நோட்டும் வைத்திருக்கிறார்.

உங்கள் கடைக்கு யார் வருகிறார்கள் என்று பாருங்கள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்களுக்குச் சாயங்காலம் கூலி கையில் ரொக்கமாகத்தான் வருகிறது. மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வங்கியில் விழுந்தாலும், அதை ஏடிஎம்மில் எடுத்துக் கையில் வைத்துச் செலவு செய்கிறவர்கள் நிறையப் பேர். பட்டன் போன் வைத்திருக்கும் பாட்டிக்கு 2022-லேயே யுபிஐ 123பே வந்துவிட்டது. அதை அவர் பயன்படுத்துவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? 'ரொக்கம் வாங்கப்படாது' என்று நீங்கள் எழுதி ஒட்டினால் இவர்கள் உங்களிடம் சண்டைக்கு வர மாட்டார்கள். எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள். மாதக் கடைசியில் வந்து பற்று அடைக்கிறவர்களும் அங்கேயே போவார்கள்.

அடுத்து, சிஸ்டம் படுத்துக்கொள்ளும் நாட்கள். 2025 மார்ச் 26 அன்றும், ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுக்க யுபிஐ தடுமாறியது. ஏப்ரல் 12 சனிக்கிழமை, மளிகை வியாபாரம் சூடு பிடிக்கும் நாள். அதெல்லாம் சில மணி நேரக் கூத்து. கஜா புயலை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2018 நவம்பர் 16-க்குப் பிறகு உங்கள் பக்கத்துக் கிராமங்களில் மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆனது. டவர் இல்லை, போனில் சார்ஜ் இல்லை. மெழுகுவர்த்தியும் தீப்பெட்டியும் அரிசியும் கையில் இருந்த நோட்டுக்கும், கடைக்காரர் முகம் பார்த்து எழுதிக்கொண்ட கடனுக்கும்தான் கிடைத்தன. ரொக்கத்தை ஏறக்குறைய கைவிட்டுவிட்ட சுவீடனிலேயே, போர் வந்தால், மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசித்து, வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள் என்று அரசே இப்போது மக்களுக்குச் சொல்கிறது. பெரிய வங்கிகள் ரொக்கச் சேவையை நிறுத்தக் கூடாது என்று சட்டமும் கொண்டுவந்தார்கள்.

வாடிக்கையாளர் கணக்கிலிருந்து பணம் போய், உங்களுக்கு வராமல் நிற்பதும் நடக்கும். கடைக்குச் செலுத்திய பணம் இப்படிச் சிக்கினால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே விதி போட்டிருக்கிறது. விதி நல்லதுதான். ஆனால் கணக்கில் மொத்தமே 300 ரூபாய் வைத்திருப்பவருக்கு ஐந்து நாள் என்பது என்ன என்று யோசியுங்கள். அந்த நேரத்தில் அவரிடம் நோட்டு இருந்தால் சாமானோடு வீடு போவார்.

கடைக்காரருக்கு என்று தனியாக ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. எங்கோ ஓர் ஊரில் ஒருவரை ஏமாற்றிப் பணத்தைப் பறிக்கிறார்கள். அது நாலு கணக்கு மாறுகிறது. நாலாவது கணக்குக்காரன் உங்கள் கடையில் 240 ரூபாய்க்கு எண்ணெய் வாங்கி ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறான். பணத்தை இழந்தவர் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார் கொடுத்ததும், பணம் போன தடத்தில் இருக்கும் கணக்குகளை எல்லாம் முடக்கச் சொல்லி வங்கிகளுக்குத் தகவல் போகிறது. உங்கள் கணக்கும் அதில் ஒன்று. கேரளத்தில் 2023-இல் இப்படிச் சிறு கடைக்காரர்களின் கணக்குகள் முடங்கி, விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. சந்தேகத் தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்கத் தேவையில்லை என்று நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் வங்கியிலும் காவல் நிலையத்திலும் அலைந்து அதை விடுவிக்கும் வரை சரக்கு கொண்டுவரும் லைன் வண்டிக்காரருக்கு எதை வைத்துப் பணம் கொடுப்பீர்கள்? பிள்ளை ஃபீஸ், நகைக்கடன் வட்டி எல்லாம் அதே கணக்கில் என்றால் குடும்பமே ஸ்தம்பித்துவிடும். கல்லாவில் ரொக்கம் இருக்கும் கடை அந்த வாரத்தைத் தாண்டிவிடும்.

அதனால் இந்த மாதமே கடை பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதற்கு உதவும் உத்யம் சான்றிதழை (சிறுதொழில் பதிவு) ஆன்லைனில் இலவசமாக எடுக்கலாம், அதற்குக் காசு கேட்கிறவரை நம்பாதீர்கள். கடை ஸ்டிக்கர் அந்தக் கணக்குக்குத்தான் போக வேண்டும். வாரம் ஒரு நாள் வீட்டுச் செலவுக்கு வேண்டியதை உங்கள் சேமிப்புக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சொந்தக்காரர் யார் பணம் அனுப்பினாலும் சேமிப்புக் கணக்குக்கே அனுப்பச் சொல்லுங்கள். இரவு கடை அடைக்கும்போது கணக்கு நோட்டில் இரண்டே வரி: ரொக்கம் இவ்வளவு, ஸ்கேன் இவ்வளவு. பெங்களூருக்காரர்களிடம் இல்லாமல் போனது இதுதான்.

காலையில் ஷட்டர் தூக்கியதும் உங்கள் போனிலேயே கடை ஸ்டிக்கரை ஒரு முறை ஸ்கேன் செய்து, திரையில் உங்கள் கடை பெயர் வருகிறதா என்று பாருங்கள். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்தின் கஜுராஹோவில் ராத்திரியோடு ராத்திரியாகப் பல கடைகளின் ஸ்டிக்கர் மேல் வேறு ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனார்கள். கூட்ட நேரத்தில் 'பே பண்ணிட்டேன்க்கா' என்று திரையைக் காட்டிவிட்டுப் பையைத் தூக்குகிறவர்களிடம், ஸ்பீக்கர் பெட்டி பேசட்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லுங்கள். போலித் திரை காட்டும் ஆப்கள் இருக்கின்றன. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போடவே தேவையில்லை என்பதைக் கணவருக்கும் சொல்லி வையுங்கள். யாராவது போடச் சொன்னால் அது திருட்டு.

உங்கள் பக்கத்திலிருந்து பணம் தவறாகப் போனால் அன்றே 1930-க்கும் வங்கிக்கும் சொல்லுங்கள். உங்கள் தவறு எதுவும் இல்லாத மோசடியில் மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் இழப்பு உங்கள் தலையில் விழாது.

கல்லாவில் எவ்வளவு வைப்பது என்று அடுத்துக் கேட்பீர்கள். லைன் வண்டிக்காரர்களுக்கு மூன்று நான்கு நாளைக்குக் கொடுக்க வேண்டிய தொகை, அதோடு பத்தும் இருபதும் ஐம்பதுமாக ஆயிரம் ரூபாய்ச் சில்லறை. ஐப்பசி, கார்த்திகையில் மழைச் செய்தி வந்தால் அதை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். மிச்ச ரொக்கத்தை வாரம் ஒரு முறை நடப்புக் கணக்கில் கட்டிவிடுங்கள், அந்த ரசீதையும் இரவு எழுதும் நோட்டிலேயே ஒட்டி வையுங்கள். பத்து ரூபாய் நாணயம் வந்தால் தயங்காமல் வாங்குங்கள், வங்கியில் மறுக்க முடியாது.