வெட்டிய சதுப்புக் காடு தானாக மீளுமா?

மரம் வெட்டிய சதுப்பில் கன்று நட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. நீர் வந்து போகும் வழி சரியாக இருந்தால்தான் காடு திரும்பும். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட கண்டல்களில் (கடலோர உவர்நீர்ச் சேற்றில் வளரும் மரங்கள்) பெரும்பகுதி செத்துப்போனது. தவறான இடத்தில் நட்டது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

மரத்துக்கு மரம் வேறுபடும். கண்டல் வகைகளில் அவிசீனியா, வெட்டிய அடியிலிருந்து துளிர்க்கும். முட்டுவேர் ஊன்றும் ரைசோபோரா முதிர்ந்தபின் அப்படித் துளிர்க்காது. தாய்மரத்திலேயே முளைத்து விழும் அதன் நாற்று நீரில் மிதந்து வந்து சேற்றில் ஊன்ற வேண்டும். அதனால் பக்கத்தில் சில தாய்மரங்களையாவது விட்டுவைக்க வேண்டும்.

கொழும்பின் நன்னீர்ச் சதுப்புகளில் என் கவலை வேறு. வெளியிலிருந்து வந்த வெல் ஆத்தா என்ற சீத்தா இன மரம், மிதக்கும் விதைகளால் பரவி வெற்றிடத்தை முதலில் பிடித்துவிடுகிறது. பார்க்கப் பச்சைதான், ஆனால் அது பழைய காடு இல்லை. அதைப் பிடுங்காமல் விட்டால் நம்முடைய மரங்களின் கன்றுகளுக்கு வெளிச்சமே கிடைக்காது.