எரியாமல் நின்ற வீட்டுக்குள் எப்போது நுழையலாம்?

வாசகர் கேள்வி - பதில்

கலிபோர்னியாவில் காட்டுத்தீக்காக வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தவர்களைப் பற்றி, இங்கிருக்கும் பெற்றோரும் உறவினரும் எழுதிய கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: தென் கலிபோர்னியாவில் மலையடிவாரத்தில் வசிக்கும் என் மகளின் குடும்பம், தீ நெருங்கியதால் வெளியேறி உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறது. அதே தெருவில் சில வீடுகள் எரிந்து தரைமட்டமாகிவிட்டன. இவர்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. திரும்பலாம் என்று அறிவிப்பும் வந்துவிட்டது. "வீடு தப்பித்துவிட்டது, பெருக்கித் துடைத்துவிட்டுக் குடியேற வேண்டியதுதான்" என்கிறார் மருமகன். ஐந்து வயதுப் பேத்தி இருக்கிறாள். உடனே போகலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வேண்டாம், அம்மா. தீயின் அபாயம் நீங்கிவிட்டது, சாலையில் போய்வரலாம் என்பதுதான் அந்த அறிவிப்பின் பொருள். வீட்டுக்குள் குழந்தையைப் படுக்கவைக்கலாம் என்று அதில் யாரும் உறுதி தரவில்லை. முற்றாக எரிந்த வீட்டைப் பற்றி எவருக்கும் குழப்பம் இருப்பதில்லை. பக்கத்தில் எரியாமல் நின்ற வீடுதான் ஆளை ஏமாற்றிவிடும்.

2025 ஜனவரி 7 அன்று, சாண்டா அனா என்று அங்கே சொல்லும் வறண்ட மலைக்காற்று சூறைபோல் வீசியபோது, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் பாலிசேட்ஸ் தீயும் ஈட்டன் தீயும் ஒரே நாளில் கிளம்பின. முன்னதில் 6,800க்கு மேலும், ஆல்டடீனா ஊரைச் சூறையாடிய பின்னதில் 9,400 அளவிலும் கட்டடங்கள் அழிந்தன. அங்கே எரிந்தவை மரமும் புல்லும் மட்டுமல்ல. சுவர்ப் பூச்சு, மின்கம்பி, தொலைக்காட்சி, கார், பேட்டரி, பிளாஸ்டிக் குழாய் எல்லாமே எரிந்தன. அமெரிக்காவில் வீட்டுப் பூச்சுகளில் ஈயம் சேர்ப்பதற்கு 1978இல்தான் தடை வந்தது. ஆல்டடீனாவின் வீடுகளில் பெரும்பாலானவை அதற்கு முன் கட்டப்பட்டவை, நுரையீரலைக் கெடுக்கும் நார்ப்பொருளான ஆஸ்பெஸ்டாஸ் பயன்படுத்தப்பட்டவையும் அவற்றில் உண்டு. அந்தச் சாம்பலைக் காற்று அடித்துக்கொண்டுபோய், மூடிய சன்னல்களின் இடுக்கிலும், கூரையடிக் காற்றுத் துளைகளிலும், புகைபோக்கியிலும் திணித்துவிட்டது. எரியாமல் நின்ற வீடுகளின் உள்தூசியைப் பிற்பாடு சோதித்தபோது பலவற்றில் ஈயம் தென்பட்டது. குழந்தையின் இரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது.

ஆகவே முதல் முறை பெரியவர்கள் மட்டும், பகல் வெளிச்சத்தில், சிறிது நேரம் போய்வரட்டும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் போக வேண்டாம். முழுக்கைச் சட்டை, கனமான காலணி, கையுறை, முகத்தோடு இடைவெளியின்றிப் பொருந்தும் என்-95 முகக்கவசம் ஆகியவை தேவை. துணிக் கவசமும் மருத்துவமனையில் தரும் மெல்லிய கவசமும் இந்தத் தூளைத் தடுப்பதில்லை. அடர்ந்த தாடி இருந்தால் என்-95 கவசமும் சரியாகப் படியாது. திரும்பும்போது காரில் ஏறுவதற்கு முன் காலணியையும் மேலுடையையும் கழற்றிப் பையில் கட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சாம்பல் அவர்களோடு உறவினர் வீட்டுக்கும் வந்துசேரும்.

கதவைத் திறப்பதற்கு முன் வீட்டைச் சுற்றிப் பார்க்கட்டும். அறுந்து தொங்கும் மின்கம்பி, அடி கருகிய மரம் இரண்டையும் நெருங்கக் கூடாது. மரம் எரிந்து போன இடத்தில் வேர் மண்ணுக்கடியில் பல நாள் கனன்றுகொண்டிருக்கும். மேலே வெறும் சாம்பலாகத் தெரியும் இடத்தில் கால் வைத்தால் தணல் நிறைந்த குழிக்குள் இறங்கிவிடும். வீட்டுக்குள் எரிவாயு வாடை வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் வெளியே வந்துவிட வேண்டும். மூடப்பட்ட எரிவாயு இணைப்பை நிறுவனத்தின் ஆள் வந்துதான் திறக்க வேண்டும்.

எதையும் நகர்த்துவதற்கு முன் ஒவ்வோர் அறையையும் படம் எடுக்கட்டும். சன்னல் கட்டையில் வெள்ளைத் துணியை ஒருமுறை இழுத்து, அதில் ஒட்டிய கரியையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் பின்னால் காப்பீட்டு நிறுவனத்திடம் பேச உதவும்.

மருமகன் சொல்லும் பெருக்கலுக்கு வருகிறேன். துடைப்பத்தைத் தொடவே கூடாது. பெருக்கினால் தரையில் படிந்திருக்கும் நுண்தூள் மீண்டும் எழும்பி மூச்சில் போகும். இலை ஊதும் எந்திரம் அதைவிட மோசம். ஈரத்துணியால் மேலிருந்து கீழாகத் துடைப்பதும், நுண்தூளையும் பிடித்துவைக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரால் இழுப்பதும்தான் முறை. குளிர்சாதனக் குழாய்களைச் சுத்தம் செய்து வடிகட்டியை மாற்றும்வரை ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஓட்டக் கூடாது. எவர்சில்வர், கண்ணாடி, பித்தளை விளக்கு போன்றவற்றைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும்; மெத்தை, தலையணை, பஞ்சு பொம்மை ஆகியவற்றிலிருந்து நுண்தூளை முழுமையாக எடுப்பது அரிது, பேத்தியுடையவற்றைப் புதிதாக வாங்கிவிடுவதே நல்லது. பட்டுப் புடவைகளைப் புகைபட்ட துணி வெளுத்துப் பழகியவரிடம் கொடுக்கலாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டுத் தூசியில் நச்சுப்பொருள்களைச் சோதிக்கத் தகுதியுள்ள தனியார் ஆய்வாளரை வைத்து வீட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். சுத்தம் செய்த பிறகு இன்னொரு முறையும் சோதிக்க வேண்டும். கரியை மட்டும் பார்த்துவிட்டுப் போகும் சோதனை பயனற்றது. ஈயமும் ஆஸ்பெஸ்டாஸும் அதில் அடங்க வேண்டும். பேத்தி சாம்பல் படிந்த இடத்தில் இருந்திருந்தால், குழந்தை மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் ஈய அளவைப் பார்ப்பது எளிதான சோதனைதான்.

கேள்வி: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள் என்று அங்கே அறிவிப்பு வந்திருக்கிறதாம். கொதிக்கவைத்துக் குடிக்கக் கூடாதா? வீட்டிலிருக்கும் அரிசி, பருப்பை என்ன செய்வது? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: கொதிக்கவைப்பது நம் வீடுகளில் பழகிப்போன வழி, கிருமிகளுக்கு அது போதும். இங்கே சிக்கல் கிருமியில்லை. எரியும் ஊரில் ஒரே நேரத்தில் ஏராளமான குழாய்கள் உடைந்து நீரழுத்தம் விழும்போது, குழாய்க்குள் புகை உறிஞ்சப்படுகிறது. சூட்டில் பிளாஸ்டிக் குழாய்களும் சிதைகின்றன. இதனால் புற்றுநோயை உண்டாக்கும் பென்சீன் நீரில் கலக்கிறது. 2017இல் சாண்டா ரோசாவிலும், 2018இல் பாரடைஸ் ஊரிலும் தீக்குப் பிறகு இது கண்டறியப்பட்டது. கொதிக்கவைத்தால் பென்சீன் ஆவியாகி, குடிக்க வேண்டிய நஞ்சைச் சமையலறையில் நின்று மூச்சாக இழுத்துக்கொள்வோம். வெந்நீர்க் குளியலும் அதே காரணத்தால் ஆகாது. பாலிசேட்ஸ் பகுதியில் அந்தத் தடை 2025 மார்ச் 7 வரை, அதாவது 2 மாதம், நீடித்தது. தடை நீங்கிய பிறகும் தண்ணீர் நிறுவனம் சொல்லும் முறைப்படி எல்லாக் குழாய்களையும் திறந்து ஓடவிட்டு, ஃப்ரிட்ஜிலுள்ள நீர்வடிகட்டியையும் மாற்றிவிட்டே பயன்படுத்த வேண்டும்.

உணவில் சிக்கனம் பார்க்க வேண்டாம். புகையும் சாம்பலும் படிந்த மூட்டை அரிசி, தாள் உறையிலிருக்கும் பருப்பு, தூள் வகைகள் எல்லாம் குப்பைக்குத்தான். சூடு பட்ட தகர டப்பாக்களும் அப்படியே. மின்சாரம் நின்றால் திறக்காத ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் சுமார் 48 மணி நேரமும்தான் தாங்கும். பல நாள் மின்சாரம் இல்லாமலிருந்தால் ஃப்ரிட்ஜைத் திறக்காமலே நாடா சுற்றி வெளியேற்றுவது அங்கே வழக்கம். அழுகிய மாவையும் பாலையும் ஒருமுறை முகர்ந்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். சூடு பட்ட மருந்துகளை, குறிப்பாக இன்சுலினை, நம்ப வேண்டாம்.

கேள்வி: அடுப்புச் சாம்பலைச் செடிக்குப் போட்டும் பாத்திரம் துலக்கியும் பழகியவள் நான். மகன் வீட்டுத் தோட்டத்தில் படிந்த சாம்பலை அப்படியே மண்ணில் கொத்திவிட்டால் என்ன? கறிவேப்பிலை மரம் ஒன்று துளிர்த்திருக்கிறதாம். (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: நம் அடுப்புச் சாம்பல் விறகு எரிந்தது, இது வீடுகளும் கார்களும் எரிந்தது. ஈரம் பட்டால் தோலை அரிக்கும் அளவுக்குக் காரத்தன்மையும் இதற்கு உண்டு. 2025 தீக்குப் பிறகு எரிந்த மனைகளில் அமெரிக்க ராணுவப் பொறியாளர் பிரிவு இடிபாடுகளோடு மேல்மண்ணையும் 6 அங்குலம் அள்ளியது; ஆனால் அள்ளிய பின் மண்ணைச் சோதிக்க மத்திய அரசின் பேரிடர் அமைப்பு முன்வரவில்லை. எரியாத வீட்டின் தோட்டத்து மண் அந்தப் பணியில் சேரவே இல்லை. அதனால் மகன் தானே மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புவதுதான் வழி. முடிவு வரும்வரை கறிவேப்பிலையைக் கடையில் வாங்கிக்கொள்ளட்டும். குழந்தைகள் வெறுங்காலோடு மண்ணில் விளையாடவும் வேண்டாம்.

கேள்வி: தம்பி எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கிறான், வாடகை வீடு, பாஸ்போர்ட் உட்பட எல்லாம் எரிந்துவிட்டன. அரசு உதவி கிடைக்குமா? காப்பீட்டில் எதைக் கேட்பது? (வாசகர், மதுரை)

பதில்: ஃபீமா என்ற மத்திய பேரிடர் அமைப்பின் பண உதவி குடியுரிமை உள்ளவர்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள், அகதி நிலை பெற்றவர்கள் போன்றோருக்கும்தான், எச்-1பி அதில் சேராது. எனினும் அங்கே பிறந்த குழந்தை வீட்டில் இருந்தால், குடியுரிமை உள்ள அந்தக் குழந்தைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். இது தெரியாமல் பலர் விட்டுவிடுகிறார்கள். தங்குமிடம், உணவு, மனநல ஆலோசனை ஆகியவற்றுக்கு விசா நிலை தடையில்லை.

பாஸ்போர்ட்டுக்குக் காவல்துறைப் புகார் நகலோடு இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். வருகைப் பதிவான ஐ-94ஐ இணையத்திலேயே அச்செடுக்கலாம். விசா மனுவுக்கான ஒப்புதல் கடிதமான ஐ-797இன் நகல் வேலை தரும் நிறுவனத்திடம் இருக்கும்.

வாடகைதாரர் காப்பீடு எடுத்திருந்தால் பொருள்களுக்கு மட்டுமல்லாமல், வேறிடத்தில் தங்குவதால் கூடும் செலவுக்கும் பணம் உண்டு. ஓட்டல், சாப்பாடு, துணி வெளுப்பு என எல்லா ரசீதுகளையும் வைத்திருக்கட்டும். சொந்த வீட்டுக்காரர்களுக்குக் கலிபோர்னியாவில், அவசரநிலை அறிவித்த பேரிடரில், தங்கும் செலவு குறைந்தது 2 ஆண்டுவரை செல்லும். ஆனால் வெளியேற்ற உத்தரவு நீங்கியதும் "இனி வீட்டுக்குப் போகலாமே" என்று நிறுவனங்கள் கைவிரிப்பதுண்டு. அப்போது கையில் இருக்க வேண்டியது நான் மேலே சொன்ன சோதனை அறிக்கை. கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்தால்தான் புகைச்சேதம் என்று வேறெங்கும் காப்பீடு கிடைக்காதவர்களுக்கு மாநிலத்தின் கடைசிப் புகலிடமான ஃபேர் பிளான் காப்பீடு வைத்திருந்த விதியை, 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றம் சட்டத்துக்குப் புறம்பானது என்று தீர்ப்பளித்தது. இதுவே இறுதித் தொகை என்று எழுதிய தாளில் அவசரமாகக் கையெழுத்துப் போட வேண்டாம்.

கேள்வி: தீ முடிந்து நல்ல மழை பெய்தால் சாம்பல் கழுவிப் போய்விடும் அல்லவா? (வாசகர், விழுப்புரம்)

பதில்: அங்கே தீக்குப் பிந்தைய மழை இரண்டாவது ஆபத்து. செடிகொடி எரிந்த சரிவில் மேல்மண் நீரை உறிஞ்சாமல் வழியவிடுவதால், சிறிது நேரம் கொட்டும் மழையும் பாறைகளைச் சேற்றோடு உருட்டிக்கொண்டு வரும். 2017 டிசம்பரில் எரிந்த மலையின் கீழிருந்த மாண்டிசிட்டோவில், 2018 ஜனவரி 9 அதிகாலை மழையில் 23 பேர் உயிரிழந்தார்கள். இந்த அபாயம் சில ஆண்டுகள் நீடிக்கும். மலையடிவாரத்துக்குத் திரும்புபவர்கள் மணல் மூட்டைகளையும், வெளியேறுவதற்கான பையையும் தயாராக வைத்திருந்து, மழை எச்சரிக்கை வந்தால் அடுத்த வீட்டார் இருக்கிறார்களே என்று பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும்.

கேள்வி: அக்கா வீடு எரியவில்லை. ஆனால் எந்நேரமும் அழுகிறாள், எரிந்துவிழுகிறாள். மகன் இரவில் எழுந்து சன்னலைப் பார்க்கிறான். "வீடுதான் தப்பித்துவிட்டதே, இன்னும் என்ன?" என்று அத்தான் கேட்கிறார். (வாசகி, சேலம்)

பதில்: அந்தக் கேள்வியை அத்தான் நிறுத்திக்கொள்வது முதல் உதவி. பக்கத்து வீட்டார் எல்லாம் இழந்திருக்க, தனக்கு அழ உரிமையில்லை என்று எண்ணிக்கொள்ளும் வாட்டம் தப்பித்தவர்களிடம் மிகச் சாதாரணம். தூக்கமின்மை, எரிச்சல், புகை வாடையில் நெஞ்சு படபடப்பது ஆகியவை முதல் சில வாரங்களில் எதிர்பார்க்கக்கூடியவை. சிறுவனிடம் பொய்யாக "இனி தீயே வராது" என்று சொல்லாமல், வந்தால் எந்த வழியாக எங்கே போவோம் என்று காட்டி, அவன் பையை அவனே கட்டட்டும் என்று விடுங்கள். பள்ளியும் உறக்க நேரமும் பழையபடி அமைந்தால் பெரும்பாலான குழந்தைகள் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் குறையவில்லை என்றால், அல்லது அக்கா உயிர்மேல் வெறுப்பாகப் பேசினால் அன்றே, மருத்துவரைப் பார்க்க வேண்டும். பேரிடரில் சிக்கியோருக்கென அமெரிக்காவில் இரவும் பகலும் இயங்கும் 1-800-985-5990 என்ற எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றும் கேட்கலாம்.