சோலார் கார்: கணக்கு எங்கே உதைக்கிறது? (கேள்வி பதில்)

சோலார் கார்கள், நெடுந்தூர சோலார் ரேஸ் இரண்டையும் பற்றி வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. கணக்குகளில் ஒரு நாளைக்கு 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் ஊரில் 3 என்றால் அந்த விகிதத்தில் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சார், தினமும் 40 கி.மீ. தான் ஓட்டுகிறேன். எலக்ட்ரிக் கார் கூரையில் பேனல் போட்டுவிட்டால் சார்ஜ் போடுகிற வேலையே இருக்காதுதானே?

பதில்: இருக்கும். கூரையில் பேனலுக்குத் தோதான இடம் 1.8 சதுர மீட்டர் தேறும். 22% திறனுள்ள செல் என்றால் 400 வாட். 5 மணி நேரத்துக்கு 2 கிலோவாட் மணி என்று காகிதத்தில் வரும். பேனல் சூரியனைப் பார்க்காமல் படுத்துக் கிடப்பது, சூடு, தூசி, மின்மாற்ற இழப்பு எல்லாம் போக 1.3 கையில் நிற்கும். சாதாரண எலக்ட்ரிக் கார் கி.மீ.க்கு 160 வாட் மணி தின்னும். ஆக, 8 கி.மீ. உங்கள் தேவையில் ஐந்தில் ஒரு பங்கு. அதுவும் வண்டி நாள் முழுக்க நிழல் படாத இடத்தில் நின்றால்தான்.

இன்னொன்று: வெயிலில் நின்ற வண்டியின் உள்ளே அனல் பறக்கும். ஏசி அதைத் தணிக்க முதல் சில நிமிடங்களுக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் இழுக்கும். சேர்த்ததில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும்.

கேள்வி: செல்லின் திறன் 22%ல் இருந்து 40, 50 என்று உயர்ந்தால் பிரச்சினை தீர்ந்துவிடும் அல்லவா?

பதில்: 100% திறனுள்ள செல்லே கிடைத்தாலும் 1.8 சதுர மீட்டரில் உச்சி வெயிலுக்கு 1.8 கிலோவாட்தான். தரைக்கு வரும் ஒளியே சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,000 வாட். 100 கி.மீ. வேகத்தில் போகும் குடும்பக் காருக்கு 15 கிலோவாட் வேண்டும். இடைவெளி பேனல் பக்கம் இல்லை, வண்டியின் பசியில் இருக்கிறது. சோலார் கார் பற்றிய பேச்சில் முதல் கேள்வி ‘எத்தனை வாட் பேனல்?’ என்று இருக்கக் கூடாது, ‘கி.மீ.க்கு எத்தனை வாட் மணி?’ என்று இருக்க வேண்டும்.

கேள்வி: அப்படியானால் ஆஸ்திரேலியாவில் அந்த ரேஸ் கார்கள் 3,000 கி.மீ. ஓடுவது எப்படி? ஏதாவது ரகசியம் உண்டா?

பதில்: ரகசியம் இல்லை, பட்டினிதான். டார்வினில் இருந்து அடிலெய்டு வரை ஓடும் வேர்ல்டு சோலார் சேலஞ்ச் 1987ல் தொடங்கியது. முதல் ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸின் சன்ரேசர் மணிக்கு சுமார் 67 கி.மீ. சராசரியில் வென்றது. 2005ல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் மாணவர்களின் நூனா 3 சராசரி 102 கி.மீ.யைத் தாண்டியது. அதன் பிறகு பேனல் பரப்பைக் குறைத்தே வேகத்துக்குக் கடிவாளம் போட்டார்கள். ஒருவர் மட்டும் ஓட்டும் வேகக் கார்களுக்கான சேலஞ்சர் பிரிவில் 2007ல் 6 சதுர மீட்டர், 2017ல் 4. (2025ல் போட்டி அக்டோபரில் இருந்து குளிர்காலமான ஆகஸ்டுக்கு மாறியது, பரப்பு மறுபடி 6 ஆனது.)

கணக்கைப் பாருங்கள். ஓட்டுநரோடு 250 கிலோ. உருளல் எதிர்ப்புக் கெழு (எடையில் எத்தனை பங்கு டயர் எதிர்ப்பாக மாறும் என்ற எண்) 0.0025 இருக்கும் ரேஸ் டயர். காற்றில் வடிவம் எவ்வளவு தடைபடும் என்று சொல்லும் இழுவைக் கெழுவையும் முன்பரப்பையும் பெருக்கினால் 0.07 சதுர மீட்டர். 85 கி.மீ. வேகத்தில் காற்றின் எதிர்ப்பு 23 நியூட்டன், டயர் எதிர்ப்பு 6 நியூட்டன். மொத்தம் 29 என்றால் மோட்டார் இழப்பையும் சேர்த்து 730 வாட் போதும். ஒரு மிக்சி இழுக்கும் மின்சாரம். அதே வேகத்தில் குடும்பக் காருக்கு 350 நியூட்டன் ஆகும்.

4 சதுர மீட்டர் சிலிக்கான் பேனல் நண்பகலில் 900 வாட்டைத் தொடும். காலை, மாலையையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் குறைவு. அந்தத் துண்டு விழும் இடத்தை பேட்டரி ஈடுகட்டும்.

கேள்வி: பேட்டரி எவ்வளவு பெரிது? முழு சார்ஜோடு கிளம்பினால் பாதி தூரம் அதிலேயே போய்விடலாமே?

பதில்: போக முடியாதபடிதான் விதி இருக்கிறது. 4 சதுர மீட்டர் காலத்தில் லித்தியம் அயன் என்றால் 20 கிலோ வரைதான். 70 கிராம் எடையுள்ள 21700 ரகச் செல் ஒன்றில் 18 வாட் மணி. 280 செல் வைத்தால் 5 கிலோவாட் மணி. கி.மீ.க்கு 8.6 வாட் மணி செலவு என்றால் 580 கி.மீ. தூரத்துக்குத் தாங்கும். மிச்ச 2,400 கி.மீ. சூரியன் கொடுத்தாக வேண்டும்.

காலை 8 முதல் மாலை 5 வரைதான் ஓட்டலாம். ஓடாத நேரத்தில், வெளிச்சம் இருக்கும் வரை பேனலைக் கழற்றிச் சூரியனைப் பார்த்துச் சாய்த்துப் பிடிப்பார்கள். கட்டாய நிறுத்தங்களில் அரை மணி நேரம் நிற்கும்போதும் இதே வேலைதான். சாய்ந்த வெயிலில் இப்படிச் சேரும் மின்சாரம் பெரிய விஷயம். பேனலைச் சாய்த்து நிறுத்தும் தாங்கியை மாட்ட 10 நிமிடம் ஆகிறது என்றால் அந்த அணி கண்ணெதிரே கி.மீ.களை இழக்கிறது.

கேள்வி: வெயிலில் வேகமாகவும் மேகத்தில் மெதுவாகவும் ஓட்டுவதுதானே சரி?

பதில்: எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், தவறு. காற்றை எதிர்க்கத் தேவையான சக்தி வேகத்தின் முப்படிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப ஏறும். பாதி நேரம் 75, பாதி நேரம் 95 என்று ஓட்டினால் சராசரி 85தான். ஆனால் காற்றுக்காகச் செலவழிப்பது சீராக 85ல் ஓட்டுவதைவிட 4% அதிகம். 35 மணி நேர ஓட்டத்தில் இதன் விலை அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. முன்னணி அணிகள் நிமிடக் கணக்கில் மோதும் போட்டியில் இது கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆகவே சீரான வேகம். மேகம் சாலையின் குறுக்கே நின்றால் அதற்குக் கீழே சற்று வேகமாகப் போய் வெயிலுக்கு வெளியே வருவதுதான் லாபம். நிழலில் கழியும் ஒவ்வொரு நிமிடமும் வரவில்லாத செலவு. வானம் முழுக்க மூடியிருந்தால் இது பலிக்காது. அப்போது வேகத்தைக் குறைத்து, அடுத்த நாள் வானிலையைப் பார்த்து பேட்டரியைப் பங்கிட வேண்டும்.

எதிர்க்காற்றை மறந்துவிடாதீர்கள். 20 கி.மீ. எதிர்க்காற்று வந்தால் அதே 85க்குத் தேவை 40%க்கு மேல் கூடும். வானிலைத் தரவில் மேகத்தை மட்டும் பார்த்துத் திட்டம் போடும் அணிகள் இங்கேதான் மாட்டும்.

கேள்வி: பக்கக் காற்று ஆபத்து என்கிறார்களே?

பதில்: ஆமாம். வண்டி லேசு, பக்கவாட்டுப் பரப்பு கணிசம். போட்டி நடக்கும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் 50 மீட்டரைத் தாண்டும் நீளமுள்ள பல பெட்டி லாரிகள் எதிரே வரும். முதலில் ஒரு தள்ளு, கடந்ததும் ஓர் இழுப்பு. 2019ல் முன்னிலையில் இருந்த நெதர்லாந்தின் ட்வென்டே அணியின் கார் காற்றில் சாலையை விட்டே தூக்கி எறியப்பட்டது. மறுபக்கம், பக்கக் காற்றைப் பாய்மரத்தின் உத்தியில் பயன்படுத்தவும் செய்கிறார்கள். 2023ல் வென்ற பெல்ஜியத்தின் இன்னாப்டஸ் காரின் முதுகில் சுழலும் துடுப்பு ஒன்று இருந்தது.

கேள்வி: நெகிழும் பேனல் வாங்கிக் கூரையில் பசை போட்டு ஒட்டலாமா அண்ணா? சாதாரணப் பேனல் வேண்டுமா?

பதில்: ஒட்டலாம், ஆனால் அடியில் காற்று போக வழி விடுங்கள். உலோகக் கூரையோடு அப்பினால் செல் 70 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35% குறையும் என்பதால் 16% அங்கேயே காலி. 5 முதல் 10 மி.மீ. இடைவெளி தரும் பாலிகார்பனேட் குழாய்த் தகடு அடியில் போதும். மேல்பூச்சு ஈ.டி.எஃப்.ஈ. (ETFE) பிளாஸ்டிக்காக இருக்கட்டும், பெட் (PET) பிளாஸ்டிக் பூச்சு வெயிலில் மஞ்சளாகி உரியும். வளைவு குறைவான இடத்தில் மட்டும் ஒட்டுங்கள். கழுவும்போது கையை ஊன்றி அழுத்தாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும், அந்த இடம் சில மாதங்களில் சூடேறிக் கருகும்.

கேள்வி: அதை நேரே காரின் சார்ஜிங் வாயில் கொடுத்துவிடலாமா?

பதில்: முடியாது. மாறுமின்னோட்ட (AC) சார்ஜிங் தரத்தில் குறைந்தபட்ச மின்னோட்டம் 6 ஆம்பியர். 230 வோல்ட்டில் அது 1,380 வாட். உங்கள் 300, 400 வாட் அதைத் தொடாது. தவிர, சார்ஜ் ஏறும்போது காரின் கணினிகள், பம்புகள் எல்லாம் விழித்திருக்கும். அவையே 200 வாட்டுக்கு மேல் குடிக்கும்.

வழி இதுதான். பேனல், அதில் இருந்து எப்போதும் உச்ச சக்தியைக் கறக்கும் எம்.பி.பி.டி. (MPPT) கன்ட்ரோலர், 48 வோல்ட் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி (50 ஆம்பியர் மணி என்றால் 2.5 கிலோவாட் மணி), 2 கிலோவாட் சுத்த சைன் அலை இன்வெர்ட்டர். இரண்டு நாள் சேர்த்து, ஒன்றரை மணி நேரத்தில் காருக்கு மாற்றலாம். பேட்டரிக்கு அருகிலேயே 60 ஆம்பியர் ஃபியூஸ். பல கார்கள் நிலக்கம்பி (எர்த்) இணைப்பு இல்லாத இன்வெர்ட்டரை ஏற்காது. நியூட்ரலையும் நிலக்கம்பியையும் இன்வெர்ட்டர் கையேடு சொல்கிறபடி, தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து இணையுங்கள். கடைசியில் பேனல் தந்ததில் 70% காருக்குப் போகும். உண்மையைச் சொன்னால், அதே பேனலை வீட்டுக் கூரையில் சாய்த்து வைத்து, அங்கிருந்து சார்ஜ் போடுவது எல்லா விதத்திலும் மேல். பேனலைச் சுமந்துகொண்டு திரிய வேண்டியதில்லை.

கேள்வி: கல்லூரியில் முதல் முறையாக ரேஸ் கார் கட்டுகிறோம். பணம் குறைவு. எதில் செலவழிக்கலாம், எதில் சறுக்குவோம்?

பதில்: காற்றியலில் செலவழியுங்கள். மேலே சொன்ன காரில் எடை 10 கிலோ கூடினால் செலவு 1% அளவுக்குக்கூட ஏறாது. இழுவை 10% கூடினால் செலவு 8% கூடும். கார்பன் இழையில் 3 கிலோ குறைக்க மாதக்கணக்கில் போராடிவிட்டு, சக்கர மூடியின் விளிம்பில் இடைவெளி விடும் அணிகள் உண்டு.

சறுக்கும் இடங்கள்:

சக்கர நேர்ப்பாடு (வீல் அலைன்மென்ட்). டயர் உட்பக்கமோ வெளிப்பக்கமோ கொஞ்சம் திரும்பியிருந்தாலும் உருளல் எதிர்ப்பு ஏறும், மெல்லிய டயர் சில நூறு கி.மீ.யில் தேய்ந்து வெடிக்கும். ஓட்டுநரை உட்கார வைத்து, அழுத்தம் சரிபார்த்து, பிறகு அளக்க வேண்டும். வெறும் வண்டியில் அளந்த அளவு பயன்படாது.

பேனல் சரங்கள் (தொடராக இணைத்த செல் வரிசைகள்). 4 சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 260 செல். ஒரே கோணத்தில் இருக்கும் செல்களை மட்டும் ஒரு சரமாக்கி ஒவ்வொன்றுக்கும் தனி எம்.பி.பி.டி. கொடுங்கள். தொடர் இணைப்பில் மிகக் குறைந்த ஒளி படும் செல்தான் மொத்தச் சரத்தின் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும். பைபாஸ் டயோடு அந்தப் பகுதியைத் தாண்டிவிடும், அதன் மின்சாரத்தைத் திருப்பித் தராது. ஓட்டுநர் மூடியின் நிழல் எந்த நேரத்தில் எங்கே விழும் என்று பாதையின் திசையை வைத்து முதலிலேயே வரைந்துவிடுங்கள். தெற்கு நோக்கி ஓடும் ஆஸ்திரேலியப் பாதையில் மதியச் சூரியன் பின்னால் இருக்கும்.

கான்டாக்டர் (பேட்டரியை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் பெரிய மின்விசை). மின்தேக்கிகளை முதலில் மெல்ல நிரப்பும் மின்தடை (ப்ரீசார்ஜ்) வைக்காமல் பேட்டரியை மோட்டார் கன்ட்ரோலரோடு இணைத்தால் மின்தேக்கிகள் ஒரே இழுப்பில் நிரம்பும், கான்டாக்டரின் முனைகள் ஒட்டிக்கொள்ளும். அவசர பட்டனை அழுத்தினாலும் திறக்காது. இதைவிட நயவஞ்சகமான ஒன்று உண்டு: பேட்டரி கான்டாக்டர் திறந்த பிறகும் எம்.பி.பி.டி.க்கள் மோட்டார் பக்கத்தோடு இணைந்திருந்தால், வாங்கிக்கொள்ள ஆளில்லாத மின்சாரம் மின்னழுத்தத்தை ஏற்றிக் கன்ட்ரோலரைக் கொன்றுவிடும். பேனலும் அதே நொடியில் துண்டிக்கப்பட வேண்டும்.

பேட்டரி. இணையாகக் கோத்த ஒவ்வொரு செல் குழுவின் மின்னழுத்தமும் அளக்கப்பட வேண்டும். வெப்ப உணரிகள் நடுச் செல்களில் இருக்க வேண்டும், ஓரத்தில் அல்ல. 2019ல் கடைசி நாளில் முன்னிலையில் இருந்த டெல்ஃப்ட் அணியின் காரே தீப்பிடித்து எரிந்தது. அனுபவசாலிகளுக்கும் நடக்கும் என்பதால் ஓட்டுநர் வெளியேறும் பயிற்சியைச் சடங்காகச் செய்யாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே, போட்டிக்கு முன் குறைந்தது 1,000 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். அதிர்வில் கழலும் கனெக்டர்கள் பட்டறையில் கழலாது.

கேள்வி: நான்கு பேர் உட்காரும் சோலார் கார் வந்ததாகப் படித்தேன். ஏன் கடைக்கு வரவில்லை?

பதில்: ரேஸில் வந்தது. 2013ல் ஒருவருக்கு மேல் உட்காரும் கார்களுக்கான குரூசர் பிரிவு தொடங்கியபோது நெதர்லாந்தின் ஐந்தோவன் மாணவர்களின் ஸ்டெல்லா வென்றது, 2019 வரை அவர்களே வென்றார்கள். சந்தையில் கதை வேறு. லைட்இயர் 0 காரில் 5 சதுர மீட்டர் பேனல். நல்ல கோடை நாளில் 70 கி.மீ. வரை என்றார்கள். அந்தக் கணக்கு நம்பக்கூடியதே, வண்டி கி.மீ.க்கு 105 வாட் மணி அளவில்தான் தின்றது. விலை 2,50,000 யூரோ. 2023 ஜனவரியில் உற்பத்தி நின்றது. அடுத்த மாதமே சோனோ நிறுவனம் தன் சயான் காரைக் கைவிட்டது. கதவு, பானெட் என்று வளைந்த பரப்பெல்லாம் செல் பதிப்பதும், இடித்தால் மாற்றுவதும் செலவு பிடிக்கும் வேலை. அதே பணத்துக்குக் கூடுதல் பேட்டரி வாங்கினால் வாங்குபவருக்கு உடனடிப் பலன் தெரிகிறது.

கேள்வி: மழை நாளில்?

பதில்: கனத்த மேகத்தில் வெயில் நாளின் 10 முதல் 25% வரும்.

கேள்வி: அப்படியானால் எந்த வண்டிக்குத்தான் சோலார் கூரை லாபம்?

பதில்: மெதுவாகப் போகிற, லேசான, வெயிலில் நிற்கிற வண்டிகளுக்கு. கி.மீ.க்கு 50 வாட் மணி தின்னும் எலக்ட்ரிக் மூன்று சக்கர வண்டியின் கூரையில் 300 வாட் வைத்தால் நாளைக்கு 1 கிலோவாட் மணி, அதாவது 20 கி.மீ. வளாகத்துக்குள் ஓடும் கோல்ஃப் வண்டிகளும் இந்த வகை. அடுத்தது, நகர்த்துவதற்கு அல்லாமல் உள்ளே இருப்பதை ஓட்ட மின்சாரம் கேட்கும் வண்டிகள்: கேரவன், நடமாடும் மருத்துவமனை, குளிர்பதன லாரி. குளிர்பதனப் பெட்டியின் கூரை 30 சதுர மீட்டர் வரை தட்டையாகக் கிடக்கிறது, உள்ளே இருக்கும் கம்ப்ரசர் அதிகம் உழைப்பதும் வெயில் நேரத்தில்தான். சொந்தக் காரே வேண்டும் என்றால், வாரக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திவைப்பவர்கள் 12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும் 20 வாட் பேனலும் ஒரு சின்ன கன்ட்ரோலரும் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது கதவாவது திறக்கும்.