வாசகர் கேள்வி – பதில்: ஜெபிக்க எடுத்த போன்

இரவில் வேதம் வாசிக்கத்தான் போனை எடுக்கிறேன். நடுவில் ரீல்ஸுக்குப் போய்விடுகிறேன். படுக்கும்போது பன்னிரண்டரை ஆகிறது. காலையில், மற்றவர்களெல்லாம் நன்றாக வாழ்கிறார்கள், நான் மட்டும் இப்படி என்று மனசு கனக்கிறது.
– வாசகி, பாளையங்கோட்டை

பைபிள் ஆப்பும் இன்ஸ்டாகிராமும் ஒரே திரையில் இருக்கும்வரை இது நடந்துகொண்டுதான் இருக்கும். ரீல்ஸுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. நிறுத்தும் இடமே இல்லாதபடி செய்யப்பட்டதை, தூக்கக் கலக்கத்தில் மன உறுதியால் நிறுத்த முடியாது. அதனால் இடத்தை மாற்றுங்கள்.

பெரிய எழுத்துள்ள அச்சு வேதாகமம் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். சார்ஜரைச் சமையலறைக்கோ கூடத்துக்கோ கொண்டுபோய்விடுங்கள். "அலாரத்துக்குப் போன் வேண்டுமே" என்பதுதான் எல்லோரும் சொல்லும் சாக்கு. ஒரு சாதாரண அலாரக் கடிகாரம் வாங்கிவிடுங்கள். ஆப்பில் நேர வரம்பு வைத்தால் மட்டும் போதாது, ஒரே தட்டலில் அதைத் தள்ளிவிடலாம். ஆப்பையே நீக்கிவிட்டு, பகலில் பிரவுசர் வழியாகப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் உள்ளே நுழையச் சிரமமாக இருக்கட்டும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. முதல் சில இரவுகள் கை போனைத் தேடும், எரிச்சல் வரும். பலரும் அப்போதுதான் விட்டுவிடுகிறார்கள்.

தூங்கப் போகும் நேரத்தில் நீண்ட அதிகாரங்கள் வேண்டாம். 4-ஆம் சங்கீதத்தில் 8 வசனங்களே; வாய்விட்டு மெதுவாக வாசித்தாலும் இரண்டு நிமிடம்தான். பிறகு, அன்றைக்கு யாருடைய படத்தைப் பார்த்துப் பொறாமை வந்ததோ, அவருடைய பெயரைச் சொல்லி அவருக்காக ஜெபியுங்கள். முதலில் நாக்கு எழாது. பரவாயில்லை, ஒரு வரி போதும்.

முழுத் துறவு தேவையில்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றையும் நாளுக்குப் பத்துப் பத்து நிமிடமாகக் குறைத்தவர்களுக்கு மூன்றே வாரத்தில் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன.

ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ரீல்ஸ் பார்ப்பதை 40 நாளும் விட்டுவிடுகிறேன். ஈஸ்டர் முடிந்ததும் இரண்டு மடங்காகப் பார்க்கிறேன்.
– வாசகர், நாகர்கோவில்

வாரம் ஒரு நாளாக மாற்றுங்கள்: சனி மாலை 6 முதல் ஞாயிறு மாலை 6 வரை. அவசரம் என்றால் போன் செய்யும்படி வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். சபை வாட்ஸ்அப் குழுவும் இதில் அடக்கம்; வசனப் படம் அனுப்புவதும் பார்ப்பதும் ஓய்வில் சேராது.

மனச்சோர்வு விசுவாசக் குறைவா?
– பெயர் வேண்டாம், மதுரை

இல்லை. வேதத்தில் 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் எலியா தீர்க்கதரிசி சாக வேண்டுமென்று கேட்கிறான். தூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுக்கிறான், மறுபடி தூங்க விடுகிறான், மீண்டும் எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தேவன் பேசுவது அதற்கெல்லாம் பிறகுதான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு இரவெல்லாம் ஜெபிக்க வேண்டும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் இந்த வரிசையைக் காட்டுங்கள்.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கத் துக்கமாக இருந்தாலோ, பசியும் தூக்கமும் மாறினாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்: 14416. எந்நேரமும், தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. போதகரிடம் ஜெபிக்கக் கேளுங்கள். மாத்திரையை நிறுத்துவதா தொடர்வதா என்பதை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.