கேரட் பாத்தியில் வண்ண வண்ணமாய் நெடுங்கால் ஈ: குருணை மருந்து போடலாமா?

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில் மன்னவனூர் பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர். முக்கால் ஏக்கரில் கேரட் போட்டு 50 நாள் ஆகிறது. மழை பிடித்ததிலிருந்து பெரிய கொசு மாதிரி, நீளக்கால் வைத்த பூச்சிகள் நிறைய வருகின்றன. கறுப்பு, ஆரஞ்சு, மஞ்சள் என்று வண்ண வண்ணமாக இருக்கின்றன. ஒன்றுக்கு வாலில் கொடுக்கு போலவும் இருக்கிறது. இதே சமயத்தில் கேரட் செடிகள் ஆங்காங்கே வாடிச் சாய்கின்றன. தோண்டினால் தலை செம்பழுப்பாக, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு. இந்தப் பூச்சி இட்ட முட்டையிலிருந்து வந்த புழுதான் அது என்று பக்கத்துத் தோட்டத்தில் சொன்னதால் அப்பா குருணை மருந்து வாங்கி வைத்துவிட்டார். நான்கு போட்டோ அனுப்பியிருக்கிறேன். நான்காவது போட்டோவில் இருப்பது வாசல் பல்புக்கு வந்தது, அதைத் துடைப்பத்தால் அடித்தேன். இது என்ன பூச்சி? மருந்து போடலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்தக் குருணைப் பையைப் பிரிக்க வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். நீங்கள் படம் எடுத்த பூச்சி வேறு, செடியைச் சாய்க்கும் புழு வேறு.

உங்கள் படங்களில் மூன்று, ஆங்கிலத்தில் கிரேன் ஃப்ளை என்று சொல்கிற ஈ வகை. கொக்கு, நாரை போல நெடுங்கால் இருப்பதால் அந்தப் பெயர். நான் நெடுங்கால் ஈ என்றே எழுதுகிறேன். கொசுவுக்குத் தூரத்துச் சொந்தம்தான், ஆனால் கடிக்காது, ரத்தம் குடிக்காது. வளர்ந்த ஈ சில நாட்கள்தான் உயிரோடிருக்கும். அதற்குள் இணை சேர்ந்து முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். கொடுக்கு என்று நீங்கள் பயந்தது பெண் ஈ முட்டையிடும் உறுப்பு. ஈர மண்ணிலோ மக்கிய மரத்திலோ குத்தி முட்டை வைக்க அது கூராக இருக்கிறது. ஆணுக்கு வால் நுனி மழுங்கித் தடித்திருக்கும். கையில் பிடித்தாலும் கொட்டாது. காலைத்தான் கழற்றி விட்டுவிட்டுப் பறக்கும். உங்கள் இரண்டாவது படத்தை எண்ணிப் பாருங்கள், ஐந்து கால்தான் இருக்கிறது.

பலரும் நிறத்தை வைத்தே பூச்சிக்குப் பெயர் தேடுகிறார்கள். இந்த ஈக்களில் அது சரிப்படாது. உலகம் முழுக்க 15,000-க்கும் மேற்பட்ட நெடுங்கால் ஈ இனங்கள் பதிவாகியிருக்கின்றன; கறுப்பும் ஆரஞ்சும் கலந்தவை ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவே இல்லாத குடும்பங்களிலும் உண்டு. ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் வேறு நிறமாக இருப்பதும் உண்டு. கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஈ வெளிறித் தெரியும். போதாததற்கு இப்போதைய போன் கேமராக்கள் மஞ்சளை ஆரஞ்சாக்கிவிடுகின்றன. அதனால் நான் முதலில் முதுகைப் பார்ப்பேன். இறக்கை முளைக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், முதுகில் ஆங்கில வி எழுத்துப் போல ஒரு மடிப்புக் கோடு ஓடும். உங்கள் முதல் படத்தில் அது நகத்தால் கீறியது போலத் தெளிவாக விழுந்திருக்கிறது. அப்புறம் இறக்கை. ஈ என்றால் இரண்டே இறக்கை. பின் இறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசி மாதிரி இரண்டு குமிழ்க் காம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். பறக்கும்போது உடலை நிலைப்படுத்துவது அவைதான். நெடுங்கால் ஈக்கு அவை நீளம் என்பதால் படத்தைப் பெரிதாக்கினாலே தெரியும்.

முதல் படம், விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்பு ஆரஞ்சு ஈ. குளவி என்று யாரும் ஏமாறுவார்கள், அதற்காகவே அது அந்த நிறத்தில் இருக்கிறது. தலையிலிருக்கும் உணர்கொம்பு சீப்புப் பல் மாதிரி கிளைத்திருப்பதைப் பாருங்கள். அது செல்லியோஃபோரா பேரினத்து ஆண் ஈ. இதன் புழு மக்கிய மரத்துக்குள் வளர்வது. மழையில் நனைந்து இற்றுக் கிடக்கும் உங்கள் சீகைக் கட்டைகளே அதற்கு வீடு. கேரட் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது.

மூன்றாவது படம் ஓடைக்கரைப் பாறையில் எடுத்தது. வெல்வெட் மாதிரி கறுத்த உடம்பு, வயிற்றில் ஆரஞ்சு, இறக்கையும் கறுப்பு. இது எரியோசெரா என்கிற கூட்டத்தைச் சேர்ந்தது. இதன் புழு ஓடையின் சரளைக் கற்களுக்கிடையே மற்றச் சின்னப் பூச்சிகளை வேட்டையாடிப் பிழைக்கிறது. இதற்கும் உங்கள் பயிருக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. குருணை போட்ட பாத்தியிலிருந்து மழைநீர் அந்த ஓடைக்குத்தானே வடியும்? முதலில் சாவது இந்தப் புழுக்களும் இவற்றைப் போன்ற நீர்ப்பூச்சிகளும்தான். கீழே அதே ஓடையில் மாடும் தண்ணீர் குடிக்கிறது, மனிதரும் குடிக்கிறார்கள்.

இரண்டாவது படத்தைத்தான் நான் நிதானமாகப் பார்த்தேன், ஏனென்றால் அது கேரட் தழை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. பளபளப்பான மஞ்சள் உடம்பு, முதுகில் மை தீட்டியது போல மூன்று கறுப்புப் பட்டை, தலைக்குப் பின்னால் ஒரு கறுப்புப் புள்ளி. இது நெஃப்ரோடோமா பேரினம். இதன் புழு மண்ணில் வாழ்வது உண்மை. பெரும்பாலும் மக்கிய இலைதழைகளைத் தின்னும். ஈரம் தேங்கிய மண்ணில் அளவுக்கு மீறிப் பெருகினால் இளம் வேரையும் கடிக்கும். ஐரோப்பாவில் இதன் உறவினமான டிப்யூலா ஈக்களின் புழு புல்வெளிக்கும் பயிருக்கும் பெரிய தொல்லை. அதனால் உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னதைக் கதை என்று தள்ளிவிட மாட்டேன். ஆனால் நீங்கள் சொல்லும் புழுவின் அடையாளம் அதற்குப் பொருந்தவில்லை.

நெடுங்கால் ஈயின் புழு மண் நிறத்தில், ரப்பர் துண்டு மாதிரி கெட்டித் தோலோடு உருளையாக இருக்கும். கால் கிடையாது. தொட்டால் தலையை உடம்புக்குள் இழுத்துக்கொள்ளும். பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் இரண்டு கறுப்புப் புள்ளி, அவை மூச்சுத் துளைகள். சுற்றிலும் சதை மடல்கள் நட்சத்திரம் போல விரிந்திருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டால் மறக்காது. உங்கள் புழுவோ வளைந்து கிடக்கிறது, தலை செம்பழுப்பு. நெஞ்சுப் பகுதியில் ஆறு கால்களும் இருந்தால் அது வண்டின் குழந்தை, அதாவது வெள்ளைப்புழு. மலைப்பகுதியில் உருளைக்கிழங்கைக் குடைவதும் இதுவே. ஆறு காலோடு வயிற்றின் கீழே சதைக்கால்களும் இருந்து, தொட்டவுடன் சுருண்டு கொண்டால் வெட்டுப்புழு. நாளைக் காலை பத்து இடத்தில், ஓரடிக்கு ஓரடி சதுரமாக, அரை அடி ஆழத்துக்குத் தோண்டி, கிடைக்கும் புழுக்களை வெள்ளைத் தட்டில் போட்டு எண்ணுங்கள். செடி சாய்ந்த இடத்திலும் தோண்டுங்கள், நன்றாக நிற்கும் இடத்திலும் தோண்டுங்கள். ஊற்று கசியும் மூலையை விட்டுவிடாதீர்கள்.

வெள்ளைப்புழுதான் என்றால், சாய்ந்த செடியின் அடியில் தோண்டிக் கையால் பொறுக்கி அழிப்பதே நிற்கும் பயிரில் உடனடியாகச் செய்யக்கூடியது. மெட்டாரைசியம் என்ற, புழுவைக் கொல்லும் பூஞ்சாண மருந்தை உறையில் குறித்த அளவில் நன்கு மக்கிய தொழுவுரத்தோடு கலந்து, மண் ஈரமாக இருக்கும்போது வரிசையோரம் இட்டு மூடுங்கள். அதுவும் உயிருள்ள பூஞ்சாணம் என்பதால் அதே வாரத்தில் பூஞ்சாணக்கொல்லியை மண்ணில் ஊற்றிவிடாதீர்கள். ஒன்று கேட்கிறேன், இந்தப் போகத்துக்கு முன் மக்காத சாணத்தை அப்படியே போட்டீர்களா? வண்டுகள் முட்டையிட அதைத்தான் தேடி வரும். அறுவடை முடிந்து உழும்போது மைனாவும் காக்கையும் பின்னாலேயே வரும், விரட்ட வேண்டாம். கோடைமழை விழுந்ததும் அந்தி நேரத்தில் வண்டுகள் கிளம்பும்போது விளக்குப்பொறி வையுங்கள்.

நான்காவது படத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. வாசல் பல்பு வெளிச்சத்துக்கு வந்த அந்த ஆரஞ்சுப் பூச்சி நெடுங்கால் ஈயே இல்லை. நான்கு இறக்கை, ஒடுங்கிய இடை, உடம்பளவு நீண்டு துடிக்கும் உணர்கொம்பு. இது ஒட்டுண்ணிக் குளவி. இந்த வகையில் பல வெட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சிப் புழுக்களைத் தேடிப்பிடித்து அவற்றில் முட்டையிட்டுக் கொன்றுவிடும். துடைப்பத்தால் அடித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், தம்பி. இனி அடிக்காதீர்கள். வெறும் கையில் பிடிக்கவும் வேண்டாம், இது கொட்டக்கூடியது.

இந்த மூன்று ஈக்களையும் நான் பேரினம் வரைதான் சொன்னேன். இனப்பெயர் சொல்ல ஆணின் வால் நுனியை உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். சார்லஸ் அலெக்சாண்டர் (1889–1981) என்ற அமெரிக்கர் வாழ்நாளில் சுமார் 11,000 நெடுங்கால் ஈ இனங்களுக்குப் பெயர் வைத்தார். நம் தென்னிந்திய மலைகளிலிருந்து அவருக்கு மாதிரிகளைச் சேகரித்து அனுப்பியவர் பி. சூசைநாதன் என்ற தமிழர். அவர் நினைவாக 'நாதனி' என்று முடியும் பெயர்கள் இன்றும் பூச்சிப் பட்டியல்களில் இருக்கின்றன. உங்கள் மேல்மலையில் பறப்பவற்றைப் பற்றி இவ்வளவு தெரிந்திருப்பதில் அவர் உழைப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

அடுத்த முறை படம் எடுக்கும்போது விடியற்காலையில் போங்கள். பனியில் விறைத்து உட்கார்ந்திருக்கும், ஓடாது. பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, இறக்கை நரம்பு தெரிய மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம், வால் நுனி. ஃப்ளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஒரு தீக்குச்சி வைத்தால் அளவு தெரியும். எங்கே, எந்தத் தேதியில் என்று குறித்துவிடுங்கள். விறகில் இருந்ததா, ஓடையில் இருந்ததா என்பது பாதி விடை.

ஈ படத்தைவிட எனக்கு அவசரமாக வேண்டியது புழுவின் படம்தான். நாளை தட்டில் எடுத்ததும் தலைப்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று எடுத்து அனுப்புங்கள். எத்தனை குழியில் எத்தனை புழு என்ற கணக்கையும் எழுதுங்கள். குருணையைக் கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று அப்பாவைக் கேட்கச் சொல்லுங்கள், ரசீது இருக்கும்தானே.