பெரிய மீன் வேண்டுமென்றால் இரையைப் பெரிதாகப் போட வேண்டுமா?

ஊர் ஏரியில் மண்புழு போட்டால் விரல் நீளக் கெண்டையும் சின்னச் சின்ன ஜிலேபியும்தான் மாட்டுகின்றன, இரையைப் பெரிதாக்கினால் பெரிய மீன் வருமா, எவ்வளவு பெரிதாகப் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இருபது வருடமாகத் தஞ்சாவூர்ப் பக்கத்து ஏரிகளிலும் வெண்ணாற்றிலும் தூண்டில் போடுகிறேன். விராலுக்கும் வாளைக்கும் என்றால் ஆமாம், பெரிதாகப் போடுங்கள். கட்லா, ரோகு என்றால் வேண்டாம். மீனின் எடையை நினைத்து இரையை அளந்தால் ஏமாந்துபோவோம். அதன் வாயையும் அது தின்கிற விதத்தையும் பார்த்துத்தான் அளக்க வேண்டும்.

விராலை முதலில் சொல்கிறேன், ஏரியில் பெரிய மீன் என்று பலரும் தேடிப் போவது அதைத்தான். விரால் மென்று தின்கிற மீன் இல்லை. பல் உண்டு, ஆனால் அது இரை நழுவாமல் பிடித்துக்கொள்ளத்தான். பிடித்ததை முழுதாக விழுங்கிவிடும். ஆகவே வாய்க்குள் எது போகுமோ அதுவே எல்லை. ஒரு கிலோ விரால் ஏறக்குறைய ஒன்றரை அடி இருக்கும். அதற்கு மூன்று அங்குல இரை எனக்குச் சரியாக வந்திருக்கிறது, அதாவது நடுவிரல் நீளம். ‘அயிரை விட்டு வரால் வாங்குவது’ என்று பழைய பழமொழி இருக்கிறதே, அதைச் சொன்னவர் கரையில் உட்கார்ந்து பார்த்தவராகத்தான் இருக்க வேண்டும். அயிரையும் விரலளவு மீன்தான். இப்போது அயிரை விற்கிற விலைக்கு அதை முள்ளில் கோர்க்க மனசு வராது. அதே ஏரியில் பிடித்த ஜிலேபிக் குஞ்சு போதும். ஒரு ஏரியில் பிடித்த ஜிலேபியை உயிரோடு இன்னொரு ஏரிக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள். தப்பி ஓடினால் அங்கே பெருகி, நாட்டு மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிடும்.

அளவு தப்பினால் என்ன ஆகும் என்பதை நான் கற்றது ரப்பர் தவளையில். ஒரு வருடம், பெரிய விராலாக வேண்டும் என்று ஏழு சென்டிமீட்டர் தவளை வாங்கி, அல்லி படர்ந்த ஓரமாக இழுத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ஆறு முறை அடி விழுந்தது. தண்ணீர் சிதறும், தவளை ஒரு நொடி உள்ளே போகும், இழுத்தால் காலியாக வரும். கையில் பிரச்சினை, சீக்கிரம் இழுத்துவிடுகிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், “தம்பி, அது வாயில அடங்கல, சின்னதாப் போடு” என்றார். நாலு சென்டிமீட்டர் தவளைக்கு மாறினேன். அடுத்த அடியிலேயே மாட்டியது, முக்கால் கிலோ. அந்த ஓரத்தில் இருந்தவை எல்லாம் அந்த அளவு மீன்கள். இரண்டு கிலோ விரால் அங்கே இல்லாதபோது அதற்கான இரையைப் போட்டு என்ன பயன்?

அன்றிலிருந்து ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். அடி விழுந்தும் மாட்டவில்லை என்றால் இரையைக் குறைப்பேன். மாட்டுவதெல்லாம் பொடியாக இருந்தால் ஒரு அளவு கூட்டுவேன். கூட்டிய பிறகு அடி குறைந்துபோகும், அதற்குத் தயாராக இருங்கள். பெரிய இரை முதலில் செய்கிற வேலை பொடி மீனை விலக்குவதுதான். பெரியது எதிரே வந்தால்தான் மீதி வேலை. அரை நாள் சும்மா உட்கார்ந்திருந்தே திரும்பிய நாட்கள் எனக்கு நிறைய.

கெண்டை வகை வேறு கதை. கட்லாவின் வாய் பெரிது, மேல் நோக்கித் திறந்திருக்கும், ஆனால் அது தின்பது நீரில் மிதக்கும் கண்ணுக்கே தெரியாத நுண்ணுயிர்களை. ரோகுவுக்குச் சின்ன வாய், உதட்டோரம் சுங்கு கட்டினாற்போல் இருக்கும். இரண்டும் உறிஞ்சித் தின்கிறவை, கடித்து விழுங்குகிறவை அல்ல. ஐந்து கிலோ கட்லாவுக்கும் முள்ளில் சுண்டைக்காய் அளவு மாவு போதும். ஸ்பிரிங்கில், அதாவது மாவைப் பிடித்துவைக்கிற கம்பிச் சுருளில், எலுமிச்சை அளவு உருண்டை பிடிப்பது வேறு எதற்கு என்றால், அது மீனை அழைக்க. தவிடும் கடலைப் புண்ணாக்கும் கரைந்து வாசம் பரவும், மீன் வந்து உறிஞ்சும்போது பக்கத்தில் தொங்குகிற சின்ன முள்ளும் சேர்ந்து உள்ளே போகும். அங்கேயும் பொடி மீன் கொத்திக் கொத்தி மாவைக் கரைத்துவிடுகிறது என்றால், உருண்டையைப் பெரிதாக்குவதைவிட மாவைக் கெட்டியாக்கிப் பாருங்கள். நான் மைதாவோடு கொஞ்சம் கோதுமை மாவு சேர்த்து, கொதிநீரில் ஒரு கொதி விட்டு எடுத்துக்கொள்வேன். முள்ளில் நின்று தாக்குப்பிடிக்கும்.

முள்ளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இரையை மாற்றிவிட்டு முள்ளை மாற்றாமல் விடுகிறவர்கள்தான் அதிகம். முள் எண்ணில் 10, 8, 6 என்று எண் குறையக் குறைய முள் பெரிதாகும். 1-க்கு அப்புறம் 1/0, 2/0 என்று எண் ஏற ஏறப் பெரிதாகும். புதிதாக வாங்குகிறவர்கள் இதில் குழம்பிவிடுவார்கள். கெண்டைக்கு 6 அல்லது 8, விரல் நீள உயிர் இரைக்கு 1/0 அல்லது 2/0 வைத்துக்கொள்கிறேன். எதுவானாலும் இரை கோர்த்த பிறகு முள் நுனி வெளியே தெரிய வேண்டும், வளைவு அடைபடாமல் இருக்க வேண்டும். கெளுத்திக்கு நாலைந்து மண்புழுவைக் கொத்தாகக் கோர்க்கும்போது இது அடிக்கடி தப்பும். கொத்து வளைவை நிரப்பிவிட்டால் மீன் தின்றுவிட்டுப் போய்விடும்.

வாளை ஆற்று மீன், இரவில் இரை தேடும். அதன் வாய்ப்பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும், உள்ளங்கை நீள மீனைக் கூடத் தயங்காமல் எடுக்கும். இப்போது ரொம்பக் குறைந்துவிட்டது. மாட்டினால் நான் விட்டுவிடுகிறேன்.

பருவமும் அளவை மாற்றும். வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து வாய்க்கால் வழியாக வரும் புதுத்தண்ணீர் கலங்கலாக இருக்கும். அப்போது கொஞ்சம் பெரிய இரை நல்லது, அசைவும் வாசமும் தூரத்துக்குத் தெரியும். தை, மாசியில் தண்ணீர் தெளிந்துவிடும், மீன் நின்று பார்த்து எடுக்கும், ஒரு அளவு குறைத்துக்கொள்வேன். எதிலும் சந்தேகம் வந்தால், பிடித்த மீனை அரியும்போது இரைப்பையைக் கீறிப் பாருங்கள். உள்ளே இருக்கிற கெண்டையோ இறாலோ எந்த நீளமோ, அடுத்த நாள் இரை அந்த நீளம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் நீர்மட்டத்தில் செக்கச் செவேலென்று விரால் குஞ்சுக் கூட்டம் குமிழியிட்டு நகர்வதைப் பார்ப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அங்கே எந்த அளவு இரை போட்டாலும் அடிக்கும், பசியால் அல்ல, குஞ்சைக் காக்க. அவற்றைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சையும் மற்ற மீன்கள் தின்றுவிடும். அந்தக் கூட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விடுங்கள்.