அந்த பூண்டு மிளகாய் எண்ணெயை இன்னைக்கே குப்பைல போடுங்க

உங்க கடிதத்தை படிச்சேன், அஜினோமோட்டோவால பையனோட நரம்பு கெட்டுடுச்சோன்னு பயந்து எழுதியிருக்கீங்க. உங்க பையனோட நரம்புக்கு ஒண்ணும் ஆகலம்மா, முதல்ல அந்த பயத்தை விடுங்க. வீட்டுக்காரர் சீனாவுல செங்டூல இருந்து வாங்கிட்டு வந்த சிச்சுவான் மிளகை வறுத்துப் பொடிச்சு மாப்போ டோஃபுல (சோயா பனீர் போட்ட காரமான சீனக் குழம்பு) போட்டிருக்கீங்க, 8 வயசு பையன் சாப்பிட்டுட்டு உதட்டுல கரண்ட் அடிக்குதுன்னு அழுதிருக்கான், அரை மணி நேரத்துல சரியாயிடுச்சு. அந்த மிளகோட குணமே அதுதான். அதுல சான்ஷூல்னு ஒரு பொருள் இருக்கு, தொடு உணர்வு நரம்பை கொஞ்ச நேரம் தூண்டிவிடும், லண்டன்ல ஆராய்ச்சி பண்ணவங்க அளந்து பார்த்ததுல உதடு வினாடிக்கு 50 தடவை அதிர்ற மாதிரி உணர்வு வருதுன்னு சொன்னாங்க. சீனாவுல இந்த மரமரப்புக்கு 'மா', காரத்துக்கு 'லா', ரெண்டும் சேர்ந்தா 'மாலா'. கொங்கண் பக்கம் மீன் குழம்புல போடற திர்ஃபல் கூட இதே குடும்பம்தான். நீங்க பழி போட்ட அஜினோமோட்டோவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. 1968ல ஒரு டாக்டர் ஒரு மருத்துவ இதழுக்கு எழுதின சின்ன கடிதத்துல ஆரம்பிச்ச பயம் அது, அப்புறம் எவ்வளவோ பேருக்கு எதுல இருக்குன்னு சொல்லாம குடுத்து சோதிச்சுப் பார்த்தும் நரம்பை கெடுக்கும்னு நிரூபிக்க முடியல. அதுல இருக்கற குளுட்டமேட் நீங்க தினமும் ரசத்துல போடற தக்காளியிலயும் இருக்கு.

ஆனா யூடியூப்ல யாரோ சொன்னாங்கன்னு 'விஷம் முறிய' எலுமிச்சை உப்புத் தண்ணியும், போன வருஷம் மீந்த சிட்ரிசின் மாத்திரையை உடைச்சும் மூணு நாள் குழந்தைக்கு குடுத்தீங்க பாருங்க, அது எனக்கு கோவத்தை வரவழைக்குது. அலர்ஜியே இல்லாத பிள்ளைக்கு எதுக்கு அலர்ஜி மாத்திரை? நிறுத்துங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கடிதத்தோட கடைசில போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, மிளகாய் எண்ணெயை வீட்டுலயே செஞ்சு, பச்சை வாசம் போகக்கூடாதுன்னு எண்ணெய் ஆறினதும் நறுக்கின பூண்டை போட்டு, பாட்டில்ல மூடி அடுப்புக்கு மேல அலமாரில ஆறு வாரமா வெச்சிருக்கேன்னு. உங்க கடிதத்துலயே நான் பயந்தது அந்த ஒரு வரிக்குத்தான்.

பூண்டு மண்ணுல விளையற பொருள், மண்ணுல பொட்டுலிசம்ங்கற, சாப்பாட்டு வழியா வந்து நரம்பை செயலிழக்க வைக்கற நோயை உண்டாக்கற கிருமியோட வித்துக்கள் இருக்கும். சாதாரணமா அது நம்மள ஒண்ணும் பண்ணாது, ஆனா காத்து இல்லாம, புளிப்பு இல்லாம, ஈரத்தோட, அறைச் சூட்டுல கிடந்தா முளைச்சு நச்சு விடும். எண்ணெய்க்குள்ள முங்கின பச்சைப் பூண்டுக்கு இந்த நாலும் கிடைக்குது. வாசம் மாறாது, ருசி மாறாது, பாட்டில் பார்க்க அழகாவே இருக்கும். 1985ல கனடாவுல வான்கூவர்ல ஒரே ரெஸ்டாரன்ட்ல சாப்பிட்ட 36 பேருக்கு பொட்டுலிசம் வந்துச்சு, காரணம் ஃப்ரிட்ஜ்ல வைக்காம வெளிய வெச்சிருந்த, எண்ணெய்ல ஊறின நறுக்குப் பூண்டு பாட்டில். அவங்கள்ல பல பேருக்கு முதல்ல என்ன நோய்னே கண்டுபிடிக்க முடியாம வேற வேற பேர் வெச்சாங்க.

சூடு பண்ணிக்கறேன்னு சொல்லாதீங்க. நல்லா கொதிச்சா நச்சு அழியும்தான், ஆனா வித்து சாகாது, அதுக்கு 121 டிகிரியும் அழுத்தமும் வேணும். அதுவும் நீங்க நூடுல்ஸ் மேல கடைசில அப்படியே ஊத்தறீங்க. நம்ம பூண்டு ஊறுகாய் மாசக்கணக்குல இருக்கேன்னு கேப்பீங்க, அதுல புளியும் எலுமிச்சையும் உப்பும் இருக்கு, அந்தப் புளிப்புல இந்த கிருமி வளராது. உங்க பாட்டில்ல புளிப்பு எங்க இருக்கு?

போன ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட்டிருக்கீங்க. யாருக்கும் ஒண்ணும் இல்லன்னா அனேகமா ஒண்ணும் ஆகாது, ஆனா பத்து நாள் வரைக்கும் கண்ணை கவனிங்க. பெரும்பாலும் முதல்ல அங்கதான் தெரியும். ஒண்ணு ரெண்டா தெரியறது, இமை தூக்க முடியாம தொங்கறது, வாய் வறண்டு போறது, பேச்சு குழறறது, தண்ணி முழுங்கினா புரை ஏறறது, அப்புறம் கழுத்து, கை, கடைசில மூச்சு, இப்படி மேல இருந்து கீழ இறங்கும். காய்ச்சல் பெரும்பாலும் இருக்காது, புத்தி தெளிவா இருக்கும், அதனாலேயே தூக்கக் கலக்கம்னு விட்டுடுவாங்க. இதுல ஒண்ணு தெரிஞ்சாலும் விடியட்டும்னு காத்திருக்காம வென்டிலேட்டர் இருக்கற பெரிய ஆஸ்பத்திரிக்கு போங்க, போனதும் பூண்டு எண்ணெய் சாப்பிட்டோம்னு சொல்லுங்க, அதை சொல்லாட்டி யாருக்கும் தோணாது. பக்கத்து மெடிக்கல்ல ஆன்டிபயாடிக் ஊசி போட்டுக்காதீங்க, அதுல சில வகை இந்த பலவீனத்தை இன்னும் மோசமாக்கும். நச்சு முறிவு மருந்து இருக்கு, ஆனா அது ஏற்கனவே செயலிழந்த நரம்பை திருப்பித் தராது, மேற்கொண்டு பரவறதை மட்டும்தான் நிறுத்தும், அதனாலதான் நேரத்தை பத்தி இவ்வளவு சொல்றேன்.

அடுத்த மாசம் வீட்டுலயே டோஃபுவை புளிக்க வெச்சு பார்க்கலாம்னு எழுதியிருக்கீங்களே, அதை வேண்டாம்னு சொல்றேன். 2012ல நியூயார்க்ல ரெண்டு பேருக்கு வீட்டுல புளிக்க வெச்ச டோஃபுவாலதான் இதே பொட்டுலிசம் வந்துச்சு.

மிளகாய் எண்ணெயை விட்டுடுங்கன்னு நான் சொல்லல. சிச்சுவான்ல செய்யற மாதிரி காய்ஞ்ச மிளகாய்த்தூள், எள்ளு, அந்த மிளகு, எல்லாம் ஈரமில்லாம எடுத்து மேல சூடான எண்ணெயை ஊத்தி வெச்சுக்குங்க. பூண்டு வாசம் வேணும்னா அன்னன்னைக்கு தேவையானதை தனியா தாளிச்சு சேருங்க, மீந்தா ஃப்ரிட்ஜ்ல வெச்சு நாலு நாளைக்குள்ள முடிங்க. உங்க மாமியாருக்கு பிரஷர்னு எழுதியிருக்கீங்க, அவங்களுக்கு சோயா சாஸை குறைங்க, ஒரு மேசைக்கரண்டியில கிட்டத்தட்ட 900 மில்லிகிராம் சோடியம், ஒரு நாளைக்கு இருக்க வேண்டியதே 2000க்குள்ள.

பழைய பாட்டிலை திறந்து மோந்து பார்க்காதீங்க, ருசி பார்க்கவே கூடாது, மூடியோட ரெண்டு கவர்ல கட்டி போட்டுட்டு கையை சோப்பு போட்டு கழுவுங்க. இப்பவே யாருக்காவது கண்ணுல வித்தியாசம் தெரிஞ்சா மட்டும் பாட்டிலை தூக்கிப் போடாம அப்படியே கவர்ல கட்டி ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க, சோதனைக்கு வேணும்.